மனை முகவருக்கு ஏற்ற இணையதள மென்பொருள்

ரியல் எஸ்டேட் முகவரின் இணையதளம் மற்ற தொழில்களின் தளத்தைப் போன்றதல்ல. ஒரு பல் மருத்துவருக்கோ திருமண மண்டபத்துக்கோ ஐந்தாறு பக்கங்கள் போதும். ஒருமுறை எழுதிவைத்தால் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். முகவரின் தளத்தில் இருப்பது சரக்கு, அதுவும் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாத சரக்கு. இன்று வந்த மனைக்கு அடுத்த வாரமே டோக்கன் விழுந்துவிடும். வீட்டுக்காரர் விலையை ஏற்றுவார், பிறகு இறக்குவார். பாகப்பிரிவினை முடியாத சொத்து ஆறு மாதம் காத்திருக்கும். இத்தனை மாற்றங்களையும் நாள்தோறும் தாங்க வேண்டிய தளம் அது. அதனால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முகப்புப் பக்கத்தின் அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சொத்தின் விவரங்களை அது எவ்வளவு ஒழுங்காகச் சேமிக்கிறது, எவ்வளவு சுலபமாக மாற்ற விடுகிறது, என்றைக்காவது வேறிடம் போக நேர்ந்தால் அந்த விவரங்களைத் திருப்பிக் கையில் கொடுக்கிறதா என்ற மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான முகவர்களுக்கு இணையம் என்றால் 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஹவுசிங் போன்ற போர்ட்டல்களும் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப் குழுக்களும்தான். இவற்றை விட்டுவிட முடியாது. வாங்குபவர்கள் முதலில் தேடுவது அங்கேதான். ஆனால் போர்ட்டலில் போட்ட விளம்பரம் கட்டணக் காலம் முடிந்ததும் கீழே போய்விடும். இருக்கும் வரையிலும் பக்கத்திலேயே போட்டி முகவரின் விளம்பரம் நிற்கும். குழுவில் காலையில் போட்ட விவரம் மாலைக்குள் நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். சொந்தத் தளத்துக்கு அங்கேதான் வேலை வருகிறது. போர்ட்டலில் பார்த்தவர், சாலையோர போர்டைப் பார்த்து போன் செய்தவர், உறவினர் சொல்லிக் கேட்டவர் என்று எல்லோருக்கும் ஒரே இணைப்பை அனுப்பலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு சொந்த ஊரில் மனை தேடுபவர், நேரில் வருமுன் இந்த முகவர் யார், பதிவு பெற்றவரா, இதுவரை என்ன விற்றிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேறு வழி குறைவு.

அமெரிக்கப் பட்டியல்கள் இங்கே பொருந்துவதில்லை

ரியல் எஸ்டேட்டுக்குச் சிறந்த இணையதள மென்பொருள் எது என்று கூகுளில் தேடினால் வருபவை பெரும்பாலும் அமெரிக்க முகவர்களுக்காக எழுதிய பட்டியல்கள். அவை முதலிடம் தருவது ஐ.டி.எக்ஸ். என்ற வசதிக்கு. அது என்ன என்று புரிந்துகொண்டால் அந்தப் பட்டியல்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் புரியும்.

அமெரிக்காவில் முகவர்கள் தங்களிடம் வரும் சொத்துகளை எம்.எல்.எஸ். என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிகிறார்கள். வட்டாரத்துக்கு ஒன்று என்று நாடெங்கும் நூற்றுக்கணக்கான எம்.எல்.எஸ். அமைப்புகள் உண்டு. ஒரு முகவர் பதிந்த வீட்டை அதே வட்டாரத்தின் மற்ற முகவர்களும் தங்கள் தளத்தில் காட்டிக்கொள்ளலாம். அதற்கான விதிமுறையும் தரவு வரும் வழியும் சேர்ந்ததே ஐ.டி.எக்ஸ். ஆகவே அங்கே நேற்றுத் தொழிலுக்கு வந்தவரின் தளத்திலும் ஊரில் விற்பனைக்கு இருக்கும் வீடுகள் ஏறக்குறைய எல்லாம் தெரியும். அதற்காக மாதக் கட்டணம் வாங்கும் சேவைகளும் அந்தத் தரவை அழகாகக் காட்டும் தீம் என்ற ஆயத்த டெம்ப்ளேட்டுகளும் தனிச் சந்தையாகவே வளர்ந்திருக்கின்றன.

இந்தியாவில் அப்படி ஒரு பொதுத் தரவுத்தளம் கிடையாது. கோயம்புத்தூர் முகவரின் தளத்தில் அவர் கையால் ஏற்றிய சொத்துகள் மட்டுமே இருக்கும். ஐ.டி.எக்ஸ். வசதிக்காக ஒரு மென்பொருளுக்குக் கூடுதல் விலை கேட்டால் அந்தப் பணம் வீண். அதைவிடப் பெரிய சிக்கல் அந்த டெம்ப்ளேட்டுகளின் உள்ளமைப்பு. படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை, கராஜில் எத்தனை கார் நிற்கும் என்பவை அவற்றில் தவிர்க்க முடியாத கட்டங்கள். இங்கே விற்பவற்றில் பெரும்பகுதி காலி மனை. அதை அந்த டெம்ப்ளேட்டில் ஏற்றினால் ‘படுக்கையறை 0, குளியலறை 0’ என்று பக்கத்தின் தலையிலேயே காட்டும். விலையை மில்லியன் கணக்கில் கமா போட்டுப் பிரிக்கும். 25,00,000 என்று எழுத வேண்டியதை அது வேறு விதமாகப் பிரித்துக் காட்டும்போது வாங்குபவர் ஒரு நொடி தடுமாறுவார். இவை அமைப்புகளில் போய் மாற்றக்கூடியவையா, நிரலையே திறந்து மாற்ற வேண்டியவையா என்று காசு கொடுக்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மனைக்கு எத்தனை கட்டங்கள்

பரப்பளவிலிருந்து தொடங்கலாம். சென்னையில் கிரவுண்டு, கொங்கு நாட்டிலும் மதுரைப் பக்கமும் சென்ட், தஞ்சை வயல்களில் மா, குழி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் மனை கணக்குப்படி 2,395.8 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டுக்கு நாலு சதுர அடி குறைவு. பேச்சில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சென்னையிலிருந்து ஒருவர் தளத்தின் தேடல் கட்டத்தில் குறைந்தபட்சம் 2,400 என்று போட்டால் அந்த ஐந்தரை சென்ட் மனை அவர் கண்ணில் படவே படாது. நகரப் பட்டாவிலோ பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். இதற்கு ஒரே வழி, மென்பொருள் பரப்பை ஒரே அலகில் எண்ணாகச் சேமித்து மற்ற அலகுகளைத் தானே கணக்கிட்டுக் காட்டுவது. ‘ஐந்தரை சென்ட்’ என்று வெறும் எழுத்தாக விவரப் பத்தியில் தட்டச்சு செய்துவைக்கிற தளத்தில் தேடலும் இயங்காது, விலைவாரியாகவோ பரப்புவாரியாகவோ வரிசைப்படுத்தவும் முடியாது. இணையதள மென்பொருளின் தரத்தைச் சோதிக்க இந்த ஒரு கட்டமே போதும்.

அடுக்ககம் என்றால் பரப்பளவிலேயே இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சுவழக்கில் ரெரா, கார்பெட் ஏரியா என்பதற்குத் தெளிவான வரையறை தந்திருக்கிறது: வெளிச்சுவர்கள், பொதுக் குழாய்த் தடங்கள், பால்கனி, திறந்த மொட்டைமாடி இவை நீங்கலாக, உள்சுவர்களைச் சேர்த்து வரும் உபயோகப் பரப்பு. புரமோட்டர்கள் பேசும் சூப்பர் பில்ட்அப் ஏரியா வேறு கணக்கு. இரண்டையும் ஒரே ‘ஏரியா’ கட்டத்தில் போட்டால் இரண்டு வீடுகளின் சதுர அடி விலையை ஒப்பிடுவதே தப்பாகிவிடும். யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கும் தனிக் கட்டமாக வேண்டும். பழைய வீட்டை வாங்குபவர்கள் முதலில் கேட்பதே அதுதான்.

அடுத்தது அப்ரூவல். சென்னைப் பெருநகர் எல்லைக்குள் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. என்று அனுமதி தருபவர் மாறும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்த பிறகு இந்த ஒரு விவரமே மனையின் விலையைத் தீர்மானிக்கத் தொடங்கியது. அதன் பின் 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. எனவே ‘அப்ரூவ்ட்’ என்று ஒரு டிக் போடும் வசதி போதாது. அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டா, வரன்முறைப்படுத்திய மனையா, நத்தமா என்று தேர்வு செய்யும் பட்டியலும், அனுமதி எண்ணை எழுத இடமும் வேண்டும். மனையை ஒட்டிய சாலையின் அகலம், திசை, தண்ணீர் வசதி, வங்கிக் கடன் கிடைக்குமா என்பவை வழக்கமான கட்டங்கள். அவற்றை எந்த நல்ல மென்பொருளிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்கத் தவறுவது வெளியே காட்டக்கூடாத கட்டங்களை. ஒரு மனையின் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் தெரிந்தால் யாரும் அரசின் இணைய சேவையில் பட்டா விவரத்தைப் பார்த்துவிடலாம். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். பதிவுத் துறைத் தளத்தில் அதே எண்ணைக் கொண்டு வில்லங்கச் சான்றும் பார்க்கலாம். வாங்குபவருக்கு இது நல்லது, நேரம் வரும்போது முகவரே இவற்றைக் கொடுக்கவும் வேண்டும். ஆனால் சர்வே எண்ணைப் பொதுப் பக்கத்தில் போட்டுவைத்தால் உரிமையாளரின் வீட்டு வாசலில் அடுத்த நாளே நாலு தரகர்கள் நிற்பார்கள். அதனால் சர்வே எண், உரிமையாளர் பெயர், அவரது போன், கமிஷன் பேச்சு, சாவி யாரிடம் இருக்கிறது என்பவற்றை முகவர் மட்டும் பார்க்கும்படி அதே பக்கத்தில் மறைத்து வைக்கும் வசதி வேண்டும். பத்திர நகலைப் படமாக ஏற்றுவது இதைவிட மோசம். அதில் கையெழுத்து, ஆதார் எண் உட்பட எல்லாம் வெளியே போய்விடும். வரைபடத்திலும் துல்லியமான புள்ளிக்குப் பதில் தெருவைச் சுற்றி ஒரு வட்டம் போடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

சட்டம் கேட்பது

ரெரா சட்டம் ‘விளம்பரம்’ என்பதை எந்த ஊடகத்தின் வழியாக வந்தாலும் விளம்பரமே என்று விரிவாக வரையறுக்கிறது. இணையதளத்தின் ஒரு பக்கமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமும் அதற்குள் அடங்கும். பதிவு செய்ய வேண்டிய ஒரு திட்டத்தைப் பதிவுக்கு முன்பே விளம்பரம் செய்யக்கூடாது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் விலக்கு உண்டு. பதிவு பெற்ற திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் பளிச்சென்று தெரியும்படி இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் கியூ.ஆர். குறியீடும் கட்டாயமானது.

முகவருக்கும் தனிப் பொறுப்பு உண்டு. பதிவு பெற்ற திட்டத்தில் புரமோட்டர் விற்கும் மனையையோ வீட்டையோ முடித்துக் கொடுப்பவர் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி தாமும் பதிவு செய்திருக்க வேண்டும்; முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவில்லாத திட்டத்தை விற்றுத் தருவதும், தரத்தைப் பற்றியோ அனுமதியைப் பற்றியோ பொய்யான தகவல் கொடுப்பதும் 10ஆம் பிரிவில் தடை. மீறினால் தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அது சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம்.

இதனால் மென்பொருளில் இரண்டு தேவைகள் எழுகின்றன. முகவரின் பதிவு எண் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தானாக வர வேண்டும். திட்டத்தின் பதிவு எண் கட்டம் காலியாக இருந்தால், புதிய திட்டம் என்ற வகையில் அந்தச் சொத்தை வெளியிட மென்பொருள் மறுக்க வேண்டும். இரண்டாவதை, அடுத்த பகுதியில் பார்க்கப்போகும் வேர்ட்பிரஸில் ஒரு கட்டத்தைக் ‘கட்டாயம்’ என்று குறிப்பதன் மூலம் செய்துவிடலாம். அலுவலகத்தில் நாலு பேர் பட்டியலை ஏற்றும் இடங்களில் இந்தச் சிறு தடுப்பு பெரிய காப்பு. விற்றுப்போன சொத்தை ‘விற்றுவிட்டது’ என்று குறிப்பதும் நேர்மையின் பாற்பட்டது. ஆட்களை வரவழைக்கவென்றே முடிந்துபோன மனையை மலிவு விலையில் காட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் இந்தத் தொழிலின் பெயரைக் கெடுத்திருக்கிறது. தேதி முடிந்த சொத்தைத் தானே இறக்கிவிடும் வசதி எந்த மென்பொருளில் இருக்கிறதோ அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

மூன்று வழிகள்

சந்தையில் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற வாடகைச் சேவைகள் முதல் வகை. தளம் அவர்களுடைய சர்வரில் இருக்கும். மாதமோ ஆண்டோ கட்டணம் கட்டினால் வடிவமைப்பு, பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேர்ட்பிரஸ் இரண்டாம் வகை. மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங் நிறுவனத்தில் இடம் பிடித்து நிறுவிக்கொள்ள வேண்டும். ஆள் வைத்து நிரல் எழுதிச் செய்வது மூன்றாவது.

வாடகைச் சேவைகளின் பெரிய நன்மை நிம்மதி. மௌஸால் இழுத்து வைத்தே ஒரு வாரயிறுதியில் தளத்தை முடித்துவிடலாம். அப்டேட், ஹேக்கிங் என்று கவலைப்பட வேண்டியதில்லை. கையில் பத்துப் பதினைந்து சொத்துகளுக்கு மேல் வைத்திராத தனி முகவருக்கு இது போதும். கணினியில் ஆர்வமில்லாதவர் இதற்கு மேல் போகவும் வேண்டாம். குறை, வெளியேறும்போது தெரியும். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு சர்வரில் வைக்க முடியாது. அந்த நிறுவனமே அதை வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் அதிலுள்ள தரவு அட்டவணை வசதியில் சொத்துகளை ஏற்றியிருந்தால் அந்த அட்டவணையை மட்டும் சி.எஸ்.வி. கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மனைக்கும் தனித்தனிப் பக்கமாகக் கையால் வடிவமைத்தவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே விக்ஸைத் தேர்ந்தெடுத்தால் முதல் நாளிலிருந்தே அட்டவணையில்தான் ஏற்ற வேண்டும்.

வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை உதாரணம் கூகுளுடையது. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு ஒரு பக்கத் தளத்தை கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்தது. சிறு வணிகர்கள் பலருக்கும் அதுதான் இணைய முகவரி. 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் எல்லாம் மூடப்பட்டன. பழைய முகவரிக்கு வந்தவர்களை மேப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் அந்த ஆண்டு ஜூன் 10 வரைதான். அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் சைட் போர்டிலும் அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. இலவசமாகக் கிடைக்கும் உபமுகவரியை அச்சடிக்கக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளியானது. இன்று உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் இயங்குகின்றன. முகவருக்கு அதில் முக்கியமான வசதி, 2010 முதல் எளிதாகக் கிடைக்கும் தனிப்பயன் பதிவு வகை. ‘சொத்து’ என்று ஒரு வகையை உருவாக்கி, மேலே சொன்ன கட்டங்களையெல்லாம் அதனுடன் சேர்த்துவிட்டால், அலுவலக உதவியாளர் படிவம் நிரப்புவதைப் போலவே சொத்தை ஏற்றலாம். ஹௌசெஸ், ரியல்ஹோம்ஸ் போன்ற ஆயத்த தீம்கள் இதையெல்லாம் முன்பே செய்து வைத்திருக்கின்றன. ரூபாய் குறியையும் பரப்பலகையும் அமைப்புகளிலேயே மாற்றிக்கொள்ளலாம். தீம்ஃபாரஸ்ட் சந்தையில் விற்கும் இத்தகைய தீம்களின் சாதாரண உரிமம் ஒரு தளத்துக்கு மட்டுமே, உதவிச் சேவை ஆறு மாதத்துக்கு.

தீமுக்கான விலையைத் தவிர்க்க, பூட்டுடைத்த தீம்களை இலவசமாகவோ நூறு இருநூறு ரூபாய்க்கோ நிறுவித் தருகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அத்தகைய கோப்புகளில் ரகசியக் கதவு வைத்திருப்பது வழக்கம். சில மாதங்களில் முகவரின் தளத்திலிருந்து சூதாட்ட விளம்பரங்கள் கிளம்பும், கூகுள் அபாய எச்சரிக்கை காட்டும். முறையாக வாங்கிய தீமுக்கும் பராமரிப்பு வேண்டும். வேர்ட்பிரஸையும் அதோடு சேர்க்கும் துணை மென்பொருள்களான பிளக்இன்களையும் மாதம் ஒருமுறையாவது புதுப்பிக்காவிட்டால் ஓட்டை விழும். எந்த பிளக்இன்னை நிறுவுவதானாலும் அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் யாரும் தொடாதது என்றால் விலகிவிடுவது நல்லது. பக்கங்களை இழுத்து வடிவமைக்கும் சில பில்டர்களில் இன்னொரு பொறி உண்டு: அவற்றை நீக்கிய அன்று பக்கமெங்கும் சதுர அடைப்புக்குறிச் சங்கேதங்கள்தான் மிஞ்சும். சொத்து விவரங்கள் பில்டருக்குள் சிக்காமல் தனிக் கட்டங்களில் இருந்தால் அந்த ஆபத்து இல்லை.

மூன்றாவது வழி, சொந்த நிரல், தனி முகவருக்குத் தேவையில்லை. ஒரே நேரத்தில் பல லேஅவுட்டுகளை விற்கும் புரமோட்டர், எந்தெந்த மனை எண் காலியாக இருக்கிறது என்று வரைபடத்திலேயே நிறம் மாற்றிக் காட்ட வேண்டுமென்றால், தவணை வசூலையும் அதோடு இணைக்க வேண்டுமென்றால், அதற்குச் செலவிடலாம்.

சொத்துகள் மாறிக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் ஒரு சராசரி முகவர் அலுவலகத்துக்கு வேர்ட்பிரஸே சரி. அதற்கு ஒரு நிபந்தனை, ஆண்டுக் கட்டணத்துக்குப் பராமரித்துத் தர நம்பகமான ஓர் ஆள் இருக்க வேண்டும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் வாடகைச் சேவையே மேல். பராமரிப்பற்ற வேர்ட்பிரஸ் தளம், தளமே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

தமிழில் தளம்

உள்ளூர் வாங்குபவருக்குத் தமிழ்ப் பக்கம் தேவை, வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் இருப்பவருக்கு ஆங்கிலப் பக்கம். இரண்டையும் ஒன்றுக்கொன்று இணைத்து வைக்கும் பன்மொழி வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பி விட்டால் ‘கிரவுண்டு’ மைதானமாகிவிடும்.

டி.டி.பி. மையத்தில் நோட்டீஸ் அடித்த விவரத்தை அப்படியே தளத்தில் ஒட்டுவது பலர் செய்யும் வேலை. அந்த நோட்டீஸ் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் தளத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற இலவச எழுத்துருக்கள் போன் திரையிலும் தெளிவாக இருக்கின்றன.

இணைய முகவரியில்தான் தமிழ் சிக்கலாகிறது. பக்கத்தின் தலைப்பிலிருந்தே வேர்ட்பிரஸ் அதன் முகவரியை உண்டாக்கிக்கொள்ளும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும், அதாவது மெய்யும் அதன் மேல் ஏறும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக, முகவரிக்குள் சதவீதக் குறியுடன் ஒன்பது எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்குத் தரும் இடம் 200 எழுத்துகள். கணக்குப் பார்த்தால் 22 குறிகள். ‘சிங்காநல்லூர் வீட்டு மனை’ என்பதோடு இடம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ‘கிழக்குப் பார்த்தது’, ‘மேற்குப் பார்த்தது’ எல்லாம் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பை ஒட்டினால் திரை நிறையச் சதவீதக் குறிகள் ஓடும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடாமல் விடக்கூடும். தலைப்பைத் தமிழில் வைத்துக்கொண்டு, முகவரியை மட்டும் ஊர்ப் பெயரும் சொத்து எண்ணுமாக ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிவிட்டால் சிக்கல் தீரும். அப்படி மாற்ற விடாத மென்பொருள் தமிழ்த் தளத்துக்கு ஆகாது.

படமும் வேகமும் விசாரணையும்

இன்றைய போனில் எடுத்த ஒரு படம் மூன்று நான்கு எம்.பி. இருக்கும். ஒரு வீட்டுக்குப் பத்துப் படம் என்றால் முப்பது நாற்பது எம்.பி. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் திரைக்கு வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படத்தை ஏற்றும்போதே தானாகச் சுருக்கி வெப்பி வடிவத்துக்கு மாற்றும் வசதி மென்பொருளிலோ பிளக்இன்னிலோ இருந்தால் ஒரு படம் 200 கே.பி.க்குள் அடங்கிவிடும். எந்தத் தீம் ஆனாலும் வாங்குமுன் அதன் மாதிரிப் பக்கத்தை கூகுளின் இலவச பேஜ்ஸ்பீட் சோதனையில் போட்டு, போனுக்கான மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். முகப்பில் வீடியோ ஓடும் தீம்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன.

விசாரணைப் படிவத்தை நிரப்பும் பொறுமை இங்கே பலருக்கு இல்லை. பச்சை வாட்ஸ்அப் பொத்தான்தான் வேலை செய்கிறது. அதை அழுத்தும்போது எந்தச் சொத்தைப் பற்றிக் கேட்கிறார் என்ற எண் செய்தியிலேயே தானாக வந்து விழும்படி அமைக்கலாம். இது இல்லாவிட்டால் ‘அந்த மனை இருக்கா?’ என்று மட்டும் செய்தி வரும்; எந்த மனை என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் வேறு முகவரிடம் போயிருப்பார். படிவமும் வைத்தால் பெயர், போன், தேவை என்ற மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறுவதை வலியுறுத்துகிறது. விசாரித்தவரின் எண்ணை அவரிடம் கேட்காமல் கடன் ஏஜென்ட்டுக்கும் இன்டீரியர் கடைக்கும் கொடுப்பது அதற்கு நேர் எதிர்.

செலவும் உரிமையும்

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவிலான செலவுதான். ஆனால் முழுத் தளத்தின் உரிமையும் அதில்தான் இருக்கிறது. அதை முகவர் தம் பெயரில், தம் சொந்த மின்னஞ்சலில், தம் போன் எண்ணில் வாங்க வேண்டும். தளம் கட்டித் தருபவர் தம் கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டால், உறவு முறிந்த அன்று முகவரிடம் முகவரியே இருக்காது. ஹோஸ்டிங் கணக்குக்கும் இதே விதி.

வெளிநாட்டுச் சேவைகளுக்குக் கார்டில் தானாகப் பணம் போகும் என்று இருந்துவிடக் கூடாது. தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த கூடுதல் சரிபார்ப்பு விதி 2021 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. இந்திய வங்கி முறையோடு இணையாத வெளிநாட்டு நிறுவனங்களின் கட்டணம் அதற்குப் பிறகு பல கார்டுகளில் நிராகரிக்கப்பட்டது. இப்போது ஒப்புதல் ஒருமுறை கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணம் ஓ.டி.பி. இல்லாமல் போகும், அதற்கு மேற்பட்ட ஆண்டுக் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவை. அந்தச் செய்தியைக் கவனிக்காமல் விட்டால் தளம் நின்றுவிடும். யு.பி.ஐ. ஏற்கும், ரூபாயில் ஜி.எஸ்.டி. பில் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன. சர்வர் மும்பையில் இருந்தால் இங்கே தளம் திறக்கும் வேகமும் கூடும்.

கட்டித் தருபவரோடு வாய்ப்பேச்சில் நின்றுவிடாமல் ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதிக்கொள்ள வேண்டும். அட்மின் கடவுச்சொல் முகவரிடம் இருக்கும், தீமின் உரிமம் முகவர் பெயரில் வாங்கப்படும், வாரம் ஒரு பேக்கப் எடுத்துச் சர்வருக்கு வெளியே வைக்கப்படும், முதலாண்டுக்குப் பின் பராமரிப்புக் கட்டணம் இன்னது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும்.

பணம் கட்டுமுன் இலவசச் சோதனைக் காலத்திலேயே மென்பொருளை நடத்திப் பார்த்துவிடலாம். கையிலிருக்கும் உண்மையான மூன்று சொத்துகளை எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒரு காலி மனை, ஓர் அடுக்ககம், ஒரு தோட்டம். சைட்டில் நின்றபடியே போனிலிருந்து அந்த மனையைப் படத்தோடு ஏற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அதன் விலையை மாற்றி, இணைப்பை வேறொரு போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, படமும் தலைப்பும் சரியாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாக மூன்று சொத்துகளின் விவரங்களையும் ஏற்றுமதி செய்து எக்செல்லில் திறக்க வேண்டும். பரப்பு ஒரு நெடுவரிசையிலும் விலை ஒரு நெடுவரிசையிலும் பதிவு எண் ஒரு நெடுவரிசையிலும் தமிழ் எழுத்து சிதையாமலும் வந்தால் அந்த மென்பொருளுக்குப் பணம் கட்டலாம்.